குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று: 'நிலைத்தன்மை' என்கிற சொல்லை முன்வைத்து

பௌதிகத்திலிருந்து குவாண்டம், என்ட்ரோப்பி, கேயாஸ் என்று பல சொற்கள் நம் சிறுபத்திரிகைகளுக்குள் நுழைந்து உருவகங்களாக உலவிவந்திருக்கின்றன. வேதியியலுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அது ஏதோ வீச்சமடிக்கிற, மனப்பாடம் பண்ணவேண்டிய, பிளஸ் டூ பிள்ளைகளை வதைக்கிற சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம். இங்கே நான் பேசப்போவது ஒரே ஒரு வேதிவினையைப் பற்றி. பியூட்டாடையீன் என்னும் வாயுவோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்கிற வினை. கல்லூரிக் கரிம வேதியியல் பாடநூலைப் புரட்டினால் ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ இது இருக்கும். அதைத் தாண்டி மாணவர்கள் தேர்வுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள் 'நிலையானது' என்கிற ஒரே சொல் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. மூன்றையும் ஒன்றென வாசித்தால் வினையே தலைகீழாகத்தான் புரியும். தமிழ் எம்.ஏ. படித்தவன் இதில் மூக்கை நுழைப்பதற்கு அந்தச் சொல்தான் காரணம்.

முதலில் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பியூட்டாடையீன் மூலக்கூறில் நான்கு கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. 1க்கும் 2க்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு, 2க்கும் 3க்கும் இடையில் ஒற்றை, 3க்கும் 4க்கும் இடையில் மறுபடி இரட்டை. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு வருகிறவற்றை இணைவுற்ற டையீன்கள் என்பார்கள். நடுவில் இருப்பது பெயருக்குத்தான் ஒற்றைப் பிணைப்பு. ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இங்கே சுமார் 1.47தான். இந்தச் சுருக்கத்தில் இணைவின் பங்கு எவ்வளவு, வேறு காரணங்களின் பங்கு எவ்வளவு என்பது தனி விவாதம். காகிதத்தில் நாம் போடுகிற கோடும் உள்ளே இருக்கிற எலக்ட்ரானும் ஒன்றுக்கொன்று முழுசாக ஒத்துப்போகவில்லை என்கிற மட்டும் இப்போதைக்குப் போதும்.

இதோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் இரண்டு பொருட்கள் கிடைக்கின்றன. ஒன்றில் ஹைட்ரஜன் 1ஆம் கார்பனிலும் புரோமின் 2ஆம் கார்பனிலும் உட்கார்ந்திருக்கும். 3-4 இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இது 1,2 சேர்க்கை. மற்றதில் ஹைட்ரஜன் 1இல், புரோமின் எதிர்முனையான 4இல். இரட்டைப் பிணைப்பு நடுவுக்கு நகர்ந்துவிட்டிருக்கும். இது 1,4 சேர்க்கை. மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் குளிரில் வினையை நடத்தினால் 1,2 பொருள் ஏறக்குறைய 80 சதம், 1,4 பொருள் 20 சதம். 40 டிகிரியில் நடத்தினால் அப்படியே புரண்டு 20க்கு 80. (எண்கள் பாடநூலுக்குப் பாடநூல் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும்.)

இன்னொரு தகவலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. குளிரில் கிடைத்த அந்த 80:20 கலவையை, ஹைட்ரஜன் புரோமைடு கூட இருக்கும்போதே, 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 20:80 ஆகிவிடுகிறது. சூட்டில் கிடைத்த கலவையைக் குளிரவைத்தால் அது 80:20க்குத் திரும்புவதில்லை. ஒரு திசையில் மட்டுமே போகிற வண்டி இது.

1936இல் அமெரிக்காவில் காரஷ், மார்கோலிஸ், மேயோ மூவரும் இந்தச் சேர்க்கையை ஒழுங்காக ஆராய்ந்தார்கள். அதற்கு முன் காரஷும் மேயோவும் 1933இல் வேறொன்றைக் கண்டுகொண்டிருந்தார்கள்: காற்று பட்டு உண்டாகிற பெராக்சைடு கொஞ்சம் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் புரோமைடு வேறு பாதையில் போய்ச் சேர்ந்துவிடும். இது தெரியாத காலத்தில் ஒரே வினைக்கு ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலிருந்தும் ஒவ்வொரு விடை வந்துகொண்டிருந்தது. இங்கே நாம் பேசுவது பெராக்சைடு குறுக்கிடாத வினையை மட்டும்.

ஹைட்ரஜன் புரோமைடு இரண்டு துண்டாகப் பிரிந்துதான் சேர்கிறது. முதலில் புரோட்டான். இரட்டைப் பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அது 1ஆம் கார்பனில் ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த 2ஆம் கார்பன் நேர்மின் சுமையோடு நிற்கிறது. இதுதான் கார்போகேஷன், அதாவது கார்பன் நேரயனி. பிறகு புரோமைடு அயனி வந்து சேர்ந்து கணக்கைத் தீர்க்கிறது. இந்த இடைப்பட்ட ஆள் பெரும்பாலும் கணநேர ஜீவி. கார்பன் இப்படி நேர்மின் சுமை தாங்கி நிற்கும் என்று ஒப்புக்கொள்ளவே வேதியியலாளர்கள் வெகுகாலம் தயங்கினார்கள். 1960களில் ஜார்ஜ் ஓலா மிகக் கடுமையான அமிலங்களில் இவ்வகை அயனிகளைப் பிடித்துவைத்து, நிறமாலைப் பதிவில் காட்டினார். அதற்காக 1994இல் நோபல் பரிசு பெற்றார்.

நேர்மின் சுமை தாங்குகிற கார்பனோடு வேறு கார்பன்கள் எவ்வளவுக்கு அதிகமாக ஒட்டியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அதன் பாரம் குறையும். அவை தம் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக் கொடுக்கும். ஆகவே முதல்நிலை அயனியைவிட இரண்டாம்நிலை மேல், அதைவிட மூன்றாம்நிலை மேல். ரஷ்யரான மார்க்கோவ்னிக்கோவ் 1869இல் வகுத்த விதிக்கு இன்று சொல்லப்படுகிற காரணம் இதுதான். அவருக்கு அயனி பற்றி ஒன்றும் தெரியாது. ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிகம் உள்ள கார்பனுக்கே புதிய ஹைட்ரஜனும் போய்ச் சேருகிறது என்று கண்டு சொன்னார், அவ்வளவுதான். உள்ளவனுக்கே மேலும் மேலும் சேரும் என்கிற உலக நடப்பு!

நம் அயனியில் பாரம் 2ஆம் கார்பனோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்தில் 3-4 இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே, அதன் எலக்ட்ரான்கள் இந்தப் பக்கம் சரிகின்றன. அப்படிச் சரிந்தால் 2-3 இரட்டையாகும், சுமை 4ஆம் கார்பனில் தெரியும். ஆக 2, 4 இரண்டு கார்பன்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. புரோட்டான் 1இல் சேராமல் 2இல் போய்ச் சேர்ந்திருந்தால்? சுமை 1ஆம் கார்பனில், பகிர்ந்துகொள்ள அண்டையில் ஆளில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த வழி நடப்பதில்லை. 'நிலைத்தன்மை'யின் முதல் வேலை இதோடு முடிந்தது: எந்த அயனி உருவாகும் என்பதைச் சொல்வது. இதற்கும் குளிர் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. மைனஸ் 80இலும் சரி, 40இலும் சரி, அதே அயனிதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். இந்தப் பங்கீட்டைத் தமிழகப் பாடநூல்கள் 'உடனிசைவு' என்கின்றன. இலங்கைத் தமிழில் 'பரிவு'. (பரிவு! கலைச்சொல்லாக்கத்தில் இப்படி ஓர் அழகு தற்செயலாக நேர்வதுண்டு.) இரண்டுமே அதிர்வு சம்பந்தப்பட்ட சொற்கள் என்பதால், அயனி இந்த வடிவத்துக்கும் அந்த வடிவத்துக்கும் இடையே ஊஞ்சலாடுவதாக ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. ஊஞ்சல் ஒண்ணும் கிடையாது. சிலேடையோடு ஒப்பிடுவதும் தப்பு. சிலேடையில் இரண்டு பொருளும் தனித்தனியே உண்டு. இங்கே சுமை முழுவதும் 2இல் உள்ள அயனியும் இல்லை, முழுவதும் 4இல் உள்ள அயனியும் இல்லை. இருப்பது இரண்டுக்கும் நடுவான ஒரே அயனி, எப்போதும் ஒரே மாதிரி. நம்மிடம் உள்ள கோடு போடும் முறையில் அதை ஒரே படமாக வரைய முடியாததால் இரண்டு படம் போடுகிறோம். அமெரிக்க வேதியியலாளர் ஜான் ராபர்ட்ஸ் சொன்னதாக வழங்கும் உவமை ஒன்று: காண்டாமிருகத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பயணி, அது பாதி டிராகன், பாதி ஒற்றைக்கொம்புக் குதிரை என்று விளக்குகிறான். இல்லாத இரண்டைக் கொண்டு இருக்கிற ஒன்றைச் சொல்வது.

இந்த 'இல்லாத வடிவங்கள்' ஒரு காலத்தில் அரசியல் வழக்காகவே ஆயின. 1951 ஜூனில் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகம் கூட்டிய வேதியியல் மாநாட்டில் உடனிசைவுக் கோட்பாடு கருத்துமுதல்வாதம் என்று கண்டிக்கப்பட்டது. மெய்யாக இல்லாத வடிவங்களைக் கொண்டு மெய்யை விளக்குவது பொருள்முதல்வாதத்துக்கு விரோதம் என்பது வாதம். லைனஸ் பாலிங்கின் நூலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்த சிர்க்கினும் தியாத்கினாவும் தாக்குதலுக்கு ஆளானார்கள். மறுவருஷமே, 1952இல், அதே பாலிங் கம்யூனிஸ்ட் சார்புள்ளவர் என்ற சந்தேகத்தில் அமெரிக்க அரசு அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தது. மாஸ்கோவில் கருத்துமுதல்வாதி, வாஷிங்டனில் சிவப்பு! கண்டித்தவர்கள் ஒரு சரியான இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் தவறான முடிவுக்குப் போனார்கள் என்பது என் அபிப்பிராயம். வரையப்படும் வடிவங்கள் மெய்யல்ல என்பது சரி; அது கோட்பாட்டை ஆதரித்தவர்களுக்கும் தெரிந்ததுதான். படம் பொய் என்பதால் அயனியும் பொய் என்று ஆகிவிடாது. பிரதிநிதித்துவம் பற்றி இத்தனை விவாதித்திருக்கிற நமக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை.

வினைக்குத் திரும்புவோம். அயனி வந்தாச்சு. புரோமைடு 2இல் சேருமா, 4இல் சேருமா?

அயனி ஒரு மேட்டின் மேல் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு பள்ளங்கள், 1,2 பொருளும் 1,4 பொருளும். பள்ளத்தில் இறங்குமுன் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு வரப்பைத் தாண்ட வேண்டும். அந்த வரப்பின் உயரத்தைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம். 1,2 பக்கத்து வரப்பு சற்றுத் தாழ்வு. 1,4 பக்கத்துப் பள்ளம் சற்று ஆழம். வரப்பின் உயரமும் பள்ளத்தின் ஆழமும் வேறு வேறு விஷயங்கள். எளிதில் போய்ச்சேரக் கூடியது என்பதால் ஒன்று ஆழமானதாக இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. மைனஸ் 80இல் 80:20 என்றால் வரப்புகளின் உயர வேறுபாடு ஒரு மோலுக்கு சுமார் 2.2 கிலோஜூல், யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கிற ஹைட்ரஜன் பிணைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்ப வித்தியாசம், ஒன்றுக்கு நான்கு என்கிற பெரும்பான்மையை உண்டாக்கிவிடுகிறது.

பள்ளத்தில் விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் வெப்பநிலை வருகிறது. பொருளிலிருந்து புரோமைடு கழன்று மறுபடி அயனியாவதற்கு ஏற வேண்டிய ஏற்றம் பெரிது. மைனஸ் 80இல் அதற்கு வேண்டிய ஆற்றல் மூலக்கூறுகளிடம் இல்லை. எனவே குளிரில் முதல் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. 40 டிகிரியில் கதவு திறக்கிறது. 1,2 பொருள் மறுபடி அயனியாகிறது, மறுபடி இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. ஆழமான பள்ளத்தில் விழுந்தவை ஏறிவர அதிக நேரம் பிடிப்பதால் அங்கே கூட்டம் சேர்கிறது. கடைசியில் 20:80இல் சமநிலை. முதலாவதை வேகக் கட்டுப்பாடு என்றும் இரண்டாவதை சமநிலைக் கட்டுப்பாடு என்றும் சொல்லலாம். உட்வர்டும் பேயரும் 1944இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக முன்வைத்தார்கள், வேறொரு வினையைக் கொண்டு.

1,4 பொருள் ஏன் ஆழம்? அதன் இரட்டைப் பிணைப்பு நடுவில், இரண்டு பக்கமும் கார்பன் தாங்க இருக்கிறது. 1,2 பொருளில் அது ஓரத்தில் கிடக்கிறது. புரோமின் இல்லாத எளிய உதாரணத்தில், இரட்டைப் பிணைப்பு ஓரத்தில் உள்ள பியூட்டீன் ஹைட்ரஜனோடு சேரும்போது மோலுக்கு சுமார் 127 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. நடுவில் உள்ள டிரான்ஸ் வடிவத்தில் சுமார் 116. வெளியே விடுவதற்குக் குறைவாக வைத்திருப்பது, ஏற்கெனவே கீழே இருப்பது. இது நிலைத்தன்மையின் இரண்டாவது வேலை: விளைபொருளின் ஆழத்தைக் குறிப்பது. வரப்பைப் பற்றிப் பேசும்போதும் 'நிலை குறைந்தது, நிலை கூடியது' என்றே சொல்லிவிடுகிறார்கள். அது மூன்றாவது. அயனி, விளைபொருள், இடையிலிருக்கும் கடவுநிலை, மூன்றுக்கும் ஒரே அடைமொழி.

'குளிரில் நிலையற்றது கிடைக்கும், சூட்டில் நிலையானது கிடைக்கும்' என்று மாணவர்கள் எழுதுகிற வாக்கியம் இந்தக் குழப்பத்தின் பிள்ளை. விடைத்தாளில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அதைப் படிக்கிறவர், வெப்பம் நிலையானதன் பக்கம் சாய்கிறது என்று எண்ணிக்கொள்வார். உண்மை நேர்மாறு. 40 டிகிரியில் 20:80 என்றால் இரு பள்ளங்களுக்கும் உள்ள ஆழ வேறுபாடு மோலுக்கு சுமார் 3.6 கிலோஜூல். இந்த வேறுபாடு வெப்பநிலையோடு பெரிதாக மாறாது என்று வைத்துக்கொண்டு மைனஸ் 80க்குச் சமநிலையைக் கணக்கிட்டால் 1,4 பொருள் 90 சதத்தை எட்டும். அதாவது ஆழமான பள்ளத்துக்கு ஆதரவு குளிரில்தான் அதிகம்! சூடு ஏற ஏற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மங்கத்தான் செய்யும். குளிரில் 1,4 பொருள் தோற்றுப்போவதற்குக் காரணம் ஒன்றுதான், அதனிடம் போய்ச்சேரத் திரும்பிவரும் வழி அடைபட்டிருப்பது. சூடு செய்கிற காரியம் அந்த வழியைத் திறந்துவிடுவது. எந்தப் பக்கமும் அது ஓட்டுப் போடுவதில்லை. நீண்ட நேரம் காத்திருப்பதும் கொள்கையளவில் அதே காரியத்தைச் செய்யும்; மைனஸ் 80இல் அந்தக் காத்திருப்பு எந்த ஆய்வாளனின் பொறுமைக்கும் அடங்காதது, அவ்வளவுதான்.

உருவகம் பண்ணுகிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. சமநிலை அடைந்த 20:80 கலவையை ஒருவர் கையில் கொடுத்து, 'இது எங்கிருந்து புறப்பட்டது?' என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. 1,2 பொருளை மட்டும் வைத்துத் தொடங்கினாலும், 1,4 பொருளை மட்டும் வைத்துத் தொடங்கினாலும் அதே கலவைதான். அது தன் வரலாற்றை மறந்துவிட்டது. குளிரில் கிடைத்த கலவையோ முதலில் நடந்த ஒன்றை ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் எது ஆழம் என்று அதைக் கேட்கக் கூடாது. 'காலத்தை வென்று நின்ற படைப்பு' என்று நாம் எழுதுகிறபோது இந்த இரண்டில் எந்தக் கலவையைக் கையில் வைத்திருக்கிறோம்? முதலில் அச்சேறி, பாடத்திட்டத்தில் நுழைந்து, பிறகு மாற்றப்படவே இல்லை என்பதால் நிற்கிறதா? மீண்டும் மீண்டும் எடுத்து எடைபோடப்பட்டு நிற்கிறதா? 'நிற்கிறது' என்கிற வினைச்சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இதற்கு மேல் இதை இழுத்தால் வேதியியலுக்கும் நல்லதில்லை, விமர்சனத்துக்கும் நல்லதில்லை.

விடுபட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. 1,2 பக்கத்து வரப்பு ஏன் தாழ்வு? பாடநூல் சொல்கிற விடை: 2ஆம் கார்பன் இரண்டாம்நிலை, 4ஆம் கார்பன் முதல்நிலை, ஆகவே நேர்மின் சுமையில் பெரும்பங்கு 2இல் இருக்கும், புரோமைடு அங்கேதான் விரைவில் சேரும். கேட்க அழகாக இருக்கிறது. மார்க்கோவ்னிக்கோவ், அயனி, உடனிசைவு எல்லாம் ஒரே நூலில் கோக்கப்பட்டுவிடுகின்றன. 1979இல் நார்ட்லாண்டரும் இரு சகாக்களும் இதைச் சோதிக்க ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு செய்தார்கள். பியூட்டாடையீனுக்குப் பதிலாக ஒரு கார்பன் கூடுதலாக உள்ள பென்டாடையீன். அதன் 1ஆம் கார்பனில் புரோட்டான் சேர்ந்தால் வருகிற அயனியில் சுமை தாங்கும் இரு முனைகளும் இரண்டாம்நிலை. வலமும் இடமும் ஒன்றே போலிருக்கும். ஒரு சிக்கல்: அப்போது 1,2 பொருளும் 1,4 பொருளும் ஒரே சேர்மமாகிவிடும், பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக ஹைட்ரஜன் குளோரைடில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான சகோதரன் டியூட்டீரியத்தைப் போட்டார்கள். டியூட்டீரியம் ஓர் அடையாளப் பொட்டு மாதிரி. குளோரின் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சுமைப் பங்கீடுதான் காரணம் என்றால் இங்கே சரிபாதி வர வேண்டும். வரவில்லை. 1,2 சேர்க்கையே மேலோங்கியது. இரண்டு முனைகளுக்கும் இடையே வித்தியாசம் ஒன்றுமே இல்லாதபோதும்! காரணம் மிகச் சாதாரணமானது. புரோட்டானைக் கொடுத்துவிட்டு நிற்கிற குளோரைடு எங்கே இருக்கிறது? கொடுத்த இடத்துக்குப் பக்கத்தில், அதாவது 2ஆம் கார்பனுக்கு அருகில். 4ஆம் கார்பன் தூரம். அயனியும் எதிரயனியும் ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கணத்தில், பக்கத்தில் உள்ளதோடு சேர்ந்துவிடுகிறது. பியூட்டாடையீனில் சுமைப் பங்கீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அது இல்லாமலேயே 1,2 ஜெயிக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. பல பாடநூல்கள் இன்னும் பழைய விளக்கத்தை மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கின்றன. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தத்துவத்தில் அடக்கிக் காட்டுகிற விளக்கத்துக்கு இருக்கிற கவர்ச்சி, 'பக்கத்தில் இருந்தது, அதனால் சேர்ந்தது' என்பதற்கு வராது.

இதேபோன்ற ஜோடி ஒன்று தொழிற்சாலையிலும் இருக்கிறது. பியூட்டாடையீனோடு குளோரின் சேர்ந்தால் 1,2 என்றும் 1,4 என்றும் இரண்டு டைகுளோரோ பொருட்கள் கிடைக்கின்றன. நியோப்ரீன் ரப்பருக்கு மூலமான குளோரோப்ரீனை உண்டாக்க 1,2 வகைதான் தேவை. 1,4 வகையை எறிந்துவிட முடியுமா? தாமிர உப்பை வினையூக்கியாக வைத்து அதைச் சூடாக்குகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறத் தொடங்கும். 1,2 வகை சுமார் 123 டிகிரியில் கொதிக்கிறது, 1,4 வகைக்கு 155 வரை போக வேண்டும். எனவே காய்ச்சி வடிக்கும்போது 1,2 வகை ஆவியாகி மேலே போய்க்கொண்டே இருக்கும். அதை எடுக்க எடுக்க, கீழே உள்ள 1,4 வகை சமநிலையை ஈடுகட்ட மறுபடி 1,2 ஆக மாறிக்கொண்டே இருக்கும். இப்படி வழிக்குக் கொண்டுவந்த 1,2 பொருளிலிருந்து காஸ்டிக் சோடாவைக் கொண்டு ஹைட்ரஜன் குளோரைடை உருவிவிட்டால் குளோரோப்ரீன். கன்வேயர் பெல்ட்டும் முக்குளிப்பவர்கள் போட்டுக்கொள்கிற உடுப்பும் அதிலிருந்துதான் வருகின்றன.